இரண்டு வேளை ஊதச் சொல்லும் ஊர்

காலை ஏழு மணி. அமெரிக்காவின் சவுத் டகோட்டா மாநிலத்தில் ஒரு ஷெரிஃப் அலுவலகம். வேலைக்குக் கிளம்பிய கோலத்திலேயே ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருவராக முன்னால் போய், ஒரு டாலரைக் கட்டிவிட்டு, மூச்சுக் கருவியில் ஊதுகிறார்கள். பூஜ்யம் காட்டினால் கிளம்பலாம். சாயங்காலம் ஏழு மணிக்குத் திரும்ப வந்து இன்னொரு தடவை ஊத வேண்டும், அவ்வளவுதான். சாராய வாடை கொஞ்சம் காட்டினாலும் வீட்டுக்குப் போக முடியாது, அப்படியே உள்ளே. 12 மணி நேரமோ ஒரு நாளோ லாக்கப்பில் இருந்துவிட்டு வெளியே வந்து, மறுபடி அதே வரிசையில் நிற்க வேண்டும்.

நிற்பவர்களில் பெரும்பாலோர் குடித்துவிட்டு வண்டி ஓட்டி, அதுவும் ஒரு முறைக்கு மேல், மாட்டியவர்கள். '24/7' என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். வாரத்தில் ஏழு நாளும், நாளில் 24 மணி நேரமும் குடிக்காமல் இருக்க வேண்டும் என்பது பொருள்.

இதைத் தொடங்கி வைத்தவர் மருத்துவர் அல்ல, லேரி லாங் என்ற அரசு வழக்கறிஞர். 1980-களில் பென்னட் கவுண்டி என்ற சின்ன, ஏழ்மையான மாவட்டத்தில் வழக்கு நடத்திக்கொண்டிருந்தார். குடித்துவிட்டு ஓட்டிய கேஸ், குடித்துவிட்டு மனைவியை அடித்த கேஸ், குடித்துவிட்டுக் கடையை உடைத்த கேஸ் என்று திரும்பத் திரும்ப அதே முகங்கள்தான் வந்தன. 'குடிக்கக் கூடாது' என்று ஜாமீனில் நிபந்தனை போடுவது அங்கேயும் வழக்கம். குடித்தாரா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை என்பதும் அங்கேயும் வழக்கம். லாங் செய்தது ஒன்றே ஒன்று. நிபந்தனை போட்டால் தினமும் இரண்டு வேளை சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார். பிறகு அவர் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் ஆனதும் 2005-இல் சில மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கி, 2007-இல் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தார்கள்.

2005 முதல் 2010 வரை 17,000 பேருக்கு மேல் இதில் சேர்க்கப்பட்டார்கள். சில மாவட்டங்களில் 18 முதல் 40 வயது வரையுள்ள ஆண்களில் பத்தில் ஒருவருக்கு மேல் என்கிறார்கள். சோதனைகளில் 99 சதவீதத்துக்கு மேல் பூஜ்யம். ராண்ட் ஆய்வு நிறுவனத்தார் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, மாவட்ட அளவில் கணக்குப் பார்த்தது. போதையில் ஓட்டி மறுபடி கைதாவது 12 சதவீதம் குறைந்திருந்தது. கூடவே யாரும் குறிவைக்காத இன்னொன்றும் குறைந்திருந்தது. குடும்ப வன்முறைக் கைதுகள் 9 சதவீதம் குறைவு. ரோட்டுக்காகப் போட்ட திட்டம் வீட்டுக்குள்ளும் போய் வேலை செய்திருக்கிறது. குடிக்கிற ஆள் இருக்கும் வீட்டில் இருந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

ஏன் இது வேலை செய்தது? 'அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும்' என்பார்கள். குடித்துவிட்டு ஓட்டும் கேஸ்களில் உலகம் முழுக்க அரசனே நின்றுதான் கொல்கிறான். மாட்டிய அன்று வண்டியைப் பிடுங்குவார்கள். கேஸ் கோர்ட்டுக்கு வர வாரங்கள் ஆகும், சில இடங்களில் மாதங்கள். அதற்குள் அந்த ஆள் இன்னும் நூறு தடவை குடித்துவிட்டு ஓட்டி, நூறு தடவையும் தப்பித்திருப்பார். என்றைக்கோ வரப்போகும் ஆறு மாத ஜெயிலைவிட, இன்று சாயங்காலம் வரப்போகும் ஒரு ராத்திரி லாக்கப் பயமாக இருக்கும். குடிநோய் பீடித்த மூளைக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். நாளை மறுநாள் என்பதே அதன் கணக்கில் வராது.

சரி, இதில் சிகிச்சை எங்கே இருக்கிறது? இல்லை. ஆலோசகர், மருந்து, குழுக் கூட்டம் என்று எதையும் இந்தத் திட்டம் கட்டாயமாக்கவில்லை. தண்டனைக்குப் பதில் சிகிச்சை என்று பேசுகிறவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான உண்மைதான். குடித்துவிட்டு ஓட்டும் கூட்டத்தில் கணிசமானவர்களுக்குச் சிகிச்சை தேவைப்படவில்லை, அருகிலேயே நிற்கும் ஒரு கண்டிப்புதான் தேவைப்பட்டது. ஆனால் இதே வரிசை இன்னொரு வேலையையும் செய்கிறது. மாலை ஏழரைக்குக் கொஞ்சமாகக் குடித்தால் மறுநாள் காலை ஏழு மணிக்குள் உடம்பு அதைக் கரைத்துவிடும், கருவி கண்டுபிடிக்காது. அந்த ஓட்டை எல்லோருக்கும் தெரியும். அதைப் பயன்படுத்திக்கொள்ள முடிகிறவர் குடிப்பவர். பயன்படுத்தத் தொடங்கி, ஒன்றோடு நிறுத்த வராமல், காலையில் கருவியில் மாட்டிக்கொள்கிறவர் குடிநோயாளி. அவருக்கு உள்ளே போவது தெரியும், வேலை போகும் என்பதும் தெரியும், ஆனாலும் நிறுத்த வராது. அவரைத்தான் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

இந்த இரண்டாம் வகை ஆட்களுக்காக அமெரிக்காவில் வேறொரு ஏற்பாடு இருக்கிறது. 1989-இல் மயாமியில் போதைப்பொருள் வழக்குகளுக்கென்று தனி நீதிமன்றம் தொடங்கினார்கள். அதையே பார்த்து 1995-இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் டோன்யா ஆனா கவுண்டியில் குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களுக்கான தனி நீதிமன்றம் வந்தது. அப்புறம் நூற்றுக்கணக்கில் பரவியது. அங்கே நடப்பது நாம் பார்த்துப் பழகிய கோர்ட் மாதிரி இருக்காது. குற்றத்தை ஒத்துக்கொண்டவர் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நீதிபதி முன்னால் நிற்க வேண்டும். நீதிபதிக்கு அவர் ஆலோசனைக்குப் போனாரா, சிறுநீர்ச் சோதனை என்ன சொன்னது, புது வேலை கிடைத்ததா என்பதெல்லாம் முன்கூட்டியே தெரியும். அரசு வழக்கறிஞர், எதிர்த்தரப்பு வழக்கறிஞர், நன்னடத்தை அலுவலர், சிகிச்சை ஆலோசகர் எல்லோரும் முன்னதாக ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியிருப்பார்கள். முப்பது நாள் குடிக்காமல் இருந்தவருக்குக் கோர்ட்டிலேயே கை தட்டுகிறார்கள். பொய் சொன்னவருக்கு அந்த வார இறுதி ஜெயிலில். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் என்று இது நீளும். தண்டனையை அனுபவித்துவிட்டு வருவதே சுலபம் என்று இதில் சேர மறுப்பவர்களும் உண்டு. 'சிகிச்சை என்றால் சலுகை' என்று நினைக்கிறவர்கள் இதை ஒரு முறை யோசித்துப் பார்க்கலாம்.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். குடித்து ஓட்டியவர்களால் பிள்ளைகளை இழந்த தாய்மார்கள் தொடங்கிய 'மேட்' என்ற அமைப்பு அமெரிக்காவில் வலுவானது. இந்த நீதிமன்றங்களை அது எதிர்க்கவில்லை, ஆனால் ஒரு நிபந்தனை வைத்தது. சிகிச்சையைக் காட்டிக் குற்றப் பதிவை அழிக்கக் கூடாது. தீர்ப்பு தீர்ப்பாகவே இருக்கட்டும், அதோடு சிகிச்சையும் இருக்கட்டும் என்றது. எனக்கு இது நியாயமாகப் படுகிறது. ஒருவர் குணமாவது அவருக்கு நல்லது. அதற்காக அவர் செய்தது நடக்காததாகிவிடாது.

கனடா இதைச் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. 2018 டிசம்பர் 18 முதல் அங்கே குடித்து ஓட்டும் சட்டம் மொத்தமாக மாறியது. முதல் தடவைக்குக் குறைந்தது 1,000 டாலர் அபராதம், இரண்டாம் தடவைக்குக் குறைந்தது 30 நாள் சிறை, மூன்றாவதுக்கு 120 நாள். இதை எல்லாம் நீதிபதியால் குறைக்க முடியாது. ஆனால் குற்றவியல் சட்டத்தின் 320.23-ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறது. யாருக்கும் காயமோ உயிரிழப்போ இல்லாத வழக்காக இருந்து, அரசுத் தரப்பும் குற்றவாளியும் சம்மதித்தால், மாகாணம் அங்கீகரித்த சிகிச்சைக்குப் போவதற்காகத் தண்டனையைத் தள்ளிவைக்கலாம். ஒழுங்காக முடித்து வந்தால் குறைந்தபட்சத் தண்டனையைப் போட வேண்டிய கட்டாயம் நீதிபதிக்கு இல்லை.

டொராண்டோ தமிழர்கள் இதில் ஒரு வரியைச் சேர்த்துப் படிக்க வேண்டும். சிகிச்சை முடித்தாலும் தீர்ப்பை ரத்து செய்து முழுதாக விடுவிக்கக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. 2018 மாற்றத்தோடு இந்தக் குற்றத்தின் உச்சபட்சத் தண்டனை பத்தாண்டாக உயர்ந்தது. பத்தாண்டு என்றாலே குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் அது 'கடுமையான குற்றம்'. ஆக, குடியுரிமை வாங்காமல் நிரந்தர வதிவிட அட்டையோடு மட்டும் இருக்கும் ஒருவர், சிகிச்சையை ஒழுங்காக முடித்து, ஜெயிலையும் தவிர்த்து, நாட்டில் இருக்கும் உரிமையை இழக்கும் ஆபத்தில் நிற்கலாம். குற்றவியல் கோர்ட் காட்டிய இரக்கம் குடிவரவு அலுவலக வாசலைத் தாண்டாது.

ஜெர்மனியில் வேறு வழி. இரத்தத்தில் 1.6 பிரமில், அதாவது 100 மில்லிக்கு 160 மில்லிகிராம் அளவோ அதற்கு மேலோ மாட்டியவருக்கு, அல்லது திரும்பத் திரும்ப மாட்டியவருக்கு, தண்டனைக் காலம் முடிந்தாலும் லைசென்ஸ் தானாகத் திரும்பாது. மருத்துவ–உளவியல் பரிசோதனையில் தேற வேண்டும். பல மாதங்கள் குடிக்கவில்லை என்பதற்கு முடியிலோ சிறுநீரிலோ சான்று காட்ட வேண்டியும் வரும். அவ்வளவு அளவு ஏறியும் ஒருவரால் ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடிகிறது என்றால், அவர் உடம்பு குடிக்குப் பழகிவிட்டது என்பதே அதற்குச் சான்று. அந்தத் தர்க்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. கருவி காட்டிய எண்ணைக் குற்றத்தின் அளவாக மட்டும் பார்க்காமல், நோயின் அறிகுறியாகவும் படிக்கிறார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு வேன் ஓட்டுநர் இரண்டாவது முறை மாட்டியது ராத்திரியில் அல்ல, காலை எட்டரை மணிக்கு. ஏதோ விபத்து நடந்த இடத்தில் எல்லோரையும் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். "காலைல ஒரு சொட்டுகூடத் தொடல சார்" என்று அவர் சத்தியம் செய்தது உண்மைதான். கணக்கைப் பாருங்கள். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் கிட்டத்தட்ட 60 கிராம் சுத்த ஆல்கஹால். 65 கிலோ ஆளின் இரத்தத்தில் அது 100 மில்லிக்கு ஏறத்தாழ 140 மில்லிகிராம் வரை ஏற்றும். ஈரல் மணிக்கு 15 மில்லிகிராம் வீதம்தான் இறக்கும். நம் சட்டத்தின் வரம்பு 30. ஒரு குவார்ட்டருக்கே ஏழு மணி நேரம் ஆகும். இரண்டு குவார்ட்டர் போட்டவருக்குப் பதினாறு மணி நேரத்துக்கு மேல். ராத்திரி பதினொன்றுக்குப் படுத்தவர் காலையில் குளித்து, விபூதி பூசி, காபி குடித்துவிட்டு வண்டியை எடுத்தாலும் சட்டத்தின் கண்ணில் குடிபோதையில்தான் இருக்கிறார். தினமும் அப்படி என்றால், அவர் போதையில்லாமல் வண்டி எடுத்த காலையே இருந்திருக்காது.

அவருக்கு என்ன கிடைத்தது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவுப்படி முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் இரண்டாண்டு வரை அல்லது 15,000. நடைமுறையில் பெரும்பாலும் அபராதம்தான். முதல் தடவை மனைவியின் கம்மலை அடகு வைத்தார். இரண்டாவது தடவை வேன் முதலாளியிடம் முன்பணம். அபராதம் அவரைத் திருத்துவதற்குப் பதில், அவர் வீட்டைத்தான் தண்டித்தது. அந்தக் கவலையை மறக்க அவர் எங்கே போனார் என்று சொல்ல வேண்டியதில்லை.

185-க்குத் தீர்ப்பு வந்தால் குறைந்தது ஆறு மாதம் லைசென்ஸ் முடக்கம் என்றும் சட்டம் சொல்கிறது. 2019 திருத்தம் இன்னொன்றைச் சேர்த்தது. முடக்கிய லைசென்ஸ் திரும்பக் கிடைக்க வேண்டுமானால், ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். சிவப்பு விளக்கைத் தாண்டியவருக்கு இது சரியான மருந்து. இருபது வருஷமாக வேன் ஓட்டுகிற குடிநோயாளிக்கு இன்னொரு முறை கியர் மாற்றக் கற்றுக்கொடுத்து என்ன ஆகப்போகிறது? தீர்ப்புக்கும் லைசென்ஸ் திரும்புவதற்கும் நடுவில் ஒரு படியைச் சட்டம் வைத்திருக்கிறது. அந்தப் படியில் ஜெர்மனிக்காரர் மருத்துவரை உட்காரவைத்தார், நாம் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரை உட்காரவைத்தோம்.

இந்தியச் சட்டத்துக்குச் சிகிச்சை என்ற யோசனையே தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. 1985-இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 39-ஆம் பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர் பயன்பாட்டுக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்டால், தண்டிப்பதற்குப் பதில், அவர் சம்மதத்தோடு, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு அனுப்பலாம். 64-ஏ பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவரை வழக்கிலிருந்தே காக்கிறது. கஞ்சாவுக்கும் ஹெராயினுக்கும் இந்தக் கதவு உண்டு. அரசே கடை போட்டு விற்கும் சரக்குக்கு இல்லை. டாஸ்மாக் 1983-இல் தொடங்கியது, 2003-இலிருந்து சில்லறை விற்பனையும் அதன் கையில். ஆண்டு வருமானம் 45,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. விற்பவரும் அபராதம் வாங்குபவரும் ஒருவரே என்றால், நடுவில் வைத்தியமும் அவர் பொறுப்புதான் என்று கேட்பது பேராசை ஆகாது.

நம் நீதிமன்றங்கள் சும்மாவும் இருக்கவில்லை. போதையில் கார் ஓட்டிய ஒரு இளைஞருக்கு ஜாமீன் கொடுத்தபோது, சிக்னலில் நின்று 'குடித்துவிட்டு ஓட்டாதீர்கள்' என்று துண்டறிக்கை கொடுக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை செய்பவருக்குச் சமூக சேவையையும் ஒரு தண்டனையாக வைத்திருக்கிறது. நல்ல விஷயங்கள்தான். வார இறுதியில் பார்ட்டி முடித்துக் கார் எடுத்த பையனுக்கு, நாலு பேர் பார்க்கச் சிக்னலில் நிற்கும் வெட்கம் போதும். காலையில் கை நடுங்காமல் டீ கிளாஸைப் பிடிக்க முடியாதவருக்கு வெட்கம் எப்போதோ தீர்ந்துபோயிருக்கும். முதலில் இந்த இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய மருத்துவமனைகூட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் தயாரித்த பத்துக் கேள்விகள் இருக்கின்றன, 'ஆடிட்' என்று பெயர். ஐந்து நிமிடத்தில் கேட்டு முடிக்கலாம். 40-க்கு 20-ஐத் தொட்டால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டிய ஆள்.

மருத்துவர் என்று அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பல வருஷம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாத பூச்சிகள் உடம்பில் ஊரும், ஆளே அடையாளம் தெரியாத பிதற்றல் வரும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். இவரைப் பிடித்து நேராக லாக்கப்பில் போடுவது, போடுகிறவருக்கும் ஆபத்து.

அனுப்ப இடம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் சிகிச்சைக் கட்சிக்காரர்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும். சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய அறக்கட்டளையின் டி.டி.கே. மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, மாவட்டங்களில் சில அரசு வார்டுகள் என்று இடங்கள் உண்டு. தேவைக்கு முன்னால் இவை கடலில் கரைத்த பெருங்காயம். எய்ம்ஸ் 2019-இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெறுகிறார். உள்நோயாளியாகச் சேர்வது 180 பேரில் ஒருவர். மீதி இடத்தைத் தனியார் 'மறுவாழ்வு மையங்கள்' நிரப்புகின்றன. சில மையங்களில் மருத்துவரே இருக்க மாட்டார், கட்டிப்போடுவதும் அடிப்பதும்தான் வைத்தியம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் குடிநோயையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்து, இத்தகைய மையங்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. அதைக் கறாராக அமல்படுத்தாமல் கோர்ட் ஆட்களை அனுப்பத் தொடங்கினால், ஜெயிலுக்குப் பதில் இன்னொரு ஜெயில்தான் கிடைக்கும், அதுவும் மனு போட வழியில்லாத ஜெயில்.

விபத்தில் யாராவது செத்திருந்தால் பேச்சே வேறு. ஓட்டுநரின் கவனக்குறைவால் உயிர் போன வழக்குகளில் நன்னடத்தைச் சலுகை கூடாது என்று 2000-இல் தல்பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கனடாச் சட்டமும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. நான் பேசுவது அதற்கு முந்தைய நிலையிலுள்ளவரைப் பற்றி. இன்னும் யாரையும் இடிக்காதவர், ஆனால் இப்படியே விட்டால் ஒரு நாள் இடிக்கப்போகிறவர்.

அவருக்காகப் புதுச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. 1958-இன் நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. அதன் நான்காம் பிரிவின்படி, ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல் அலுவலரின் கண்காணிப்பில் விடும்போது, போதைப் பொருள்களைத் தொடக் கூடாது என்று நிபந்தனை போட நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. சட்டத்திலேயே அந்த வார்த்தை எழுதியிருக்கிறது. நன்னடத்தை அலுவலர் என்று ஒரு பதவியும் இருக்கிறது. லேரி லாங் பென்னட் கவுண்டியில் கையில் வைத்திருந்தது இதைவிட அதிகமில்லை. ஒரு நிபந்தனை, ஒரு ஊதும் கருவி, தினமும் இரண்டு வேளை பார்க்க ஒரு ஆள்.

வேன் ஓட்டுநரிடம் இதைச் சொன்னேன். நன்னடத்தை அலுவலர் யாரையும் அவர் பார்த்ததில்லை. கோர்ட்டில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருக்கிறார், பேர் கூப்பிட்டதும் போயிருக்கிறார். "ஒத்துக்கிறியான்னு கேட்டாங்க, ஆமான்னேன். கட்டிட்டுப் போன்னாங்க. அஞ்சு நிமிஷம்கூட இல்லண்ணே" என்றார். எவ்வளவு நாளாகக் குடிக்கிறீர்கள் என்று யாராவது கேட்டார்களா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எதுக்குண்ணே கேக்கணும்?" என்றார்.